டிஸ்க் என்று வைத்துக்கொள்வோம்

டிஸ்க் என்ற சொல்லை அந்தக் குடும்பத்தில் முதலில் எடுத்தது யார் என்று கேட்டால் இன்றைக்கும் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். மாமனார் சுயம்புலிங்கம்தான் என்பது ஸ்வர்ணலதாவின் கட்சி. ஆஸ்பத்திரி வராந்தாவில், டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும், அவர் தோள்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "அவகிட்ட டிஸ்க் விலகியிருக்குன்னு சொல்லிருவோம்" என்றார். கணவன் சக்திவேல் தலையாட்டினான். ஸ்வர்ணலதாவை யாரும் கேட்கவில்லை. ஆனால் சொல்லும் வேலை மட்டும் அவளிடம் வந்து சேர்ந்தது, ஏனென்றால் ஆண்கள் இரண்டு பேரும் அங்கிருந்தே நேராகக் கடைக்குப் போய்விட்டார்கள்.

டாக்டர் மதிவாணன் சொன்னது வேறு. மாமியார் சுந்தரவல்லிக்கு எலும்பு மஜ்ஜையில் புற்று. அது முதுகெலும்பின் நடுவில் ஓர் எலும்பைப் பூச்சி அரித்த துணியாக்கி வைத்திருந்தது. அந்த எலும்பு நொறுங்கி உள்ளே தண்டுவடத்தில் குத்தினால் இரண்டு காலும் போய்விடும். போனால் திரும்பி வராது. அதற்கு ஓர் ஆபரேஷன் உண்டு என்றார். முதுகைப் பிளப்பதில்லை. விரல்நுனி அகலத்துக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, எக்ஸ்ரேயைத் திரையில் பார்த்தபடியே, கெட்டுப்போன எலும்புக்கு மேலும் கீழும் இருக்கிற நல்ல எலும்புகளில் திருகாணி இறக்கி, இரண்டு கம்பிகளைச் சதைக்கு அடியிலேயே செலுத்தி இணைத்துவிடுவார்கள். பெரிய காயம் இல்லாததால் மறுநாளே உட்காரலாம், சீக்கிரமே கதிர்வீச்சும் ஆரம்பிக்கலாம்.

"இதனால நோய் போகாது. அதுக்கு மாத்திரை, ஊசி எல்லாம் தனி. இது சாயற சுவத்துக்கு முட்டுக் கொடுக்கற மாதிரி" என்றார் டாக்டர். நோயாளியிடம் மறைக்கப் போகிறோம் என்று தெரிந்ததும் அவர் முகம் சுருங்கியது. கேட்காவிட்டால் தானாகச் சொல்ல மாட்டேன், கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், நோயாளி சம்மதிக்காமல் கத்தியைத் தொடவும் மாட்டேன் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்தது ஸ்வர்ணலதாவின் பாடு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் லிஃப்டில் 'புற்றுநோய்ப் பிரிவு' என்று எழுதியிருந்த பலகைக்கு முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றுகொள்வாள். மாத்திரைப் பெட்டிகளின் அட்டையை உரித்து வேறு டப்பாவில் போடுவாள். அபிராமபுரத்து வீட்டில், மாடி அறையில், படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரை விரிப்போடு சேர்த்து ஒரே கட்டையாக உருட்டிப் புரட்டவேண்டும். இடுப்பு ஒரு பக்கம் தோள் ஒரு பக்கம் திருகக் கூடாது. பெட்பேன் வைக்கவேண்டும், எடுக்கவேண்டும். சுந்தரவல்லி நல்ல கனம். உண்மையில் டிஸ்க் யாருக்காவது வந்திருந்தால் அது ஸ்வர்ணலதாவுக்குத்தான் வந்திருக்கும். ராத்திரி படுக்கையில் விழும்போது அவளுக்கு முதுகு எது, பாய் எது என்று தெரியாது.

டிஸ்க் என்று சொன்னதில் ஒரு சிக்கல் இருப்பது பிறகுதான் புரிந்தது. சென்னையில் டிஸ்க் இல்லாத ஆளே கிடையாது. பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு டிஸ்க் இருந்தது, அதைச் சரியாக்கிய ஒரு வைத்தியமும் இருந்தது. கீழ்வீட்டு ஜெயஸ்ரீ மாமி வந்து, "எங்காத்துல அவருக்கும் இதேதான். தரையில படுத்துண்டு ஒரு மாசம் அசையவே இல்லை, பட்டுனு போயிடுத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொருவர் பெல்ட் கொண்டுவந்தார். வேறொருவர் கொள்ளு ஒத்தடம் என்றார். எல்லாவற்றையும் ஸ்வர்ணலதா சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டு, அவர்கள் படியிறங்கியதும் கதவில் சாய்ந்து நிற்பாள்.

சுந்தரவல்லி இதையெல்லாம் கவனமாகக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். எல்லாருக்கும் சும்மா போன டிஸ்க்குக்குத் தனக்கு மட்டும் எதற்கு ஆபரேஷன்?

அவளிடம் அப்படி எதையும் எளிதில் தள்ளிவிட முடியாது. தி. நகரில், ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் சந்தில், அவர்களுடைய மேட்சிங் சென்டர். புடவையைக் கொண்டுவந்து கொடுத்தால் அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுக்கிற கடை. திசையன்விளைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் சுந்தரவல்லிதான் அங்கே நிறம் பார்ப்பவள். கடைக்குள் எரிகிற ட்யூப்லைட்டை அவள் நம்பியதே இல்லை. புடவையையும் துணியையும் எடுத்துக்கொண்டு, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, வாசலுக்குப் போய் வெயிலில் வைத்துப் பார்ப்பாள். வாடிக்கையாளர் எத்தனை அவசரம் என்றாலும் அவர்களும் பின்னாலேயே வாசலுக்குப் போகவேண்டும். "உள்ள இருந்து பாத்தா எல்லாம் மேட்ச்தான்" என்பாள். கடைப் பெண்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

அப்பேர்ப்பட்டவள், ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு, படுத்தபடியே சொல்லிவிட்டாள்: "டிஸ்க்குக்கு எவனாவது ஆணி அடிப்பானா? எங்க அண்ணனுக்கும் இதேதான். ஆசான் எண்ணெ போட்டு மிதிச்சு விட்டாரு. இன்னைக்கு வண்டியில சுத்துதாரு. அவரையே வரச் சொல்லியாச்சு."

ஆசான் என்றால் தக்கலைப் பக்கத்து வர்ம வைத்தியர். அண்ணன் போனிலேயே ஏற்பாடு செய்து, ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் எழும்பூரில் இறங்குகிற மாதிரி ரயிலேற்றிவிட்டார்.

ஸ்வர்ணலதா அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் மாமனாரிடமும் கணவனிடமும் சொல்லிப் பார்த்தாள். மிதித்தால் எலும்பு உடைந்துவிடும் என்று சொன்னாள். இனியாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சொன்னாள். சுயம்புலிங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்தாரே ஒழிய ஒரு கவளம் வாயில் வைக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தால் அந்த நிமிஷமே பாதி உயிர் போய்விடும், அதைப் பார்க்கத் தன்னால் முடியாது என்றார். சக்திவேல்தான் வழி கண்டுபிடித்தான். ஆசான் வரட்டும், மேலாக எண்ணெய் தடவினால் போதும், அழுத்தவேண்டாம் என்று ஸ்டேஷனிலிருந்து கூட்டிவரும்போது தான் காரிலேயே சொல்லிவிடுவதாகச் சொன்னான். ஒருநாள் எண்ணெய் போட்டால் அம்மாவுக்குத் திருப்தியாகிவிடும், மறுநாள் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்வாள் என்று அவன் கணக்கு. சொல்லிவிட்டு இருவரும் எழுந்து கை கழுவப் போனார்கள். ஆடித் தள்ளுபடி நேரம், கடையில் கால் வைக்க இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டம் அவர்களுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதை ஸ்வர்ணலதா பார்க்காமல் இல்லை.

சொன்னபடி ஆசான் வந்தார். ஒல்லியான, மரியாதை தெரிந்த மனிதர். காபி குடித்தார், பையிலிருந்து எண்ணெய்ப் பாட்டில்களை எடுத்து அடுக்கினார். சக்திவேல் அவரை இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்விட்டிருந்தான். அழுத்தவேண்டாம் என்று அவர் காரில் சொன்னாரா என்று ஸ்வர்ணலதா கேட்டாள். சொன்னார், எல்லாரும் பயத்தில் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஆசான் சிரித்தார். பிறகு சுந்தரவல்லியின் அறைக்குள் போய் மேலே பார்த்தார். சக்திவேல் குழந்தையாக இருந்தபோது தொட்டில் கட்டிய கொக்கி இன்னும் அங்கே இருந்தது. அவருக்கு ரொம்பத் திருப்தி. பையிலிருந்து மொத்தமான ஒரு கயிற்றை எடுத்து அதில் மாட்டி, இரண்டு கையாலும் தொங்கி இழுத்துப் பார்த்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் முதுகில் ஏறி மிதிப்பது. எண்ணெயைச் சூடுபண்ண அடுப்பு எங்கே என்று கேட்டுவிட்டு அவர் சமையலறைப் பக்கம் போனார்.

ஸ்வர்ணலதா அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசானிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம். அவர் போனால் மாமியார் இன்னொருவரை வரவழைப்பாள், நாளைக்கு ஆபரேஷன் நடக்காது, அந்த எலும்பு என்றைக்கு உடையுமோ அன்றைக்கு உடையும். அதற்கப்புறம் இந்தப் புரட்டலும் உருட்டலும் பெட்பேனும் ஆயுசுக்கும் நிரந்தரம். தன்னைப் பற்றியும்தான் அவள் நினைத்தாள். அதை மறைத்து என்ன பிரயோசனம்? உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. பொய்யைத் தூக்கிச் சுமக்கிற தெம்புகூட மிச்சமில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, அவர் உங்களை மிதிக்கக் கூடாது."

"டாக்டரு அப்படித்தான் சொல்லுவாரு. அவரு பிழைப்பு அது. டிஸ்க்குன்னா மிதிச்சாத்தான்..."

"டிஸ்க் இல்ல."

சுந்தரவல்லி மேலே கயிற்றிலிருந்து கண்ணை எடுத்து மருமகளைப் பார்த்தாள். சமையலறையில் ஆசான் பாத்திரம் தேடுகிற சத்தம் கேட்டது.

"என்னட்டி சொல்லுத?"

"உங்களுக்கு வந்திருக்கறது வேற, அத்தை."

சுந்தரவல்லி கையை நீட்டி மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ட்யூப்லைட்டுல காட்டாத. வாசல்ல வச்சுக் காட்டு."

ஸ்வர்ணலதா காட்டினாள். நோயின் பெயரிலிருந்து ஆரம்பித்தாள். முதுகில் ஊசி போட்டு எடுத்தது என்ன, டப்பாவில் மாற்றிப்போட்ட மாத்திரை என்ன, எந்த எலும்பு அரித்துப்போயிருக்கிறது, திருகாணி எதற்கு, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லப் பயமாக இருந்தது. பயத்தோடு பயமாக, நெஞ்சிலிருந்து ஏதோ இறங்குகிற மாதிரியும் இருந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

சுந்தரவல்லி கேட்டுக்கொண்டே கிடந்தாள். முடிந்ததும் அவள் கேட்டது நோயைப் பற்றி இல்லை.

"கடைப் பிள்ளைகளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதான் அந்த ஜோதிலட்சுமி வந்து என் காலப் பிடிச்சுக்கிட்டு அழுதாளா. டிஸ்க்குக்குப் போய் இப்படி அழுதியேன்னு நான் அவளைச் சத்தம் போட்டு அனுப்பினேன்." மூச்சு வாங்கியது. "ஊருக்கே தெரியும். என் உடம்புட்டி இது. எனக்கு மட்டும் தெரியாது."

அப்போதுதான் அழுதாள். படுத்தபடி அழுததில் கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது. உடம்பு குலுங்கினால் முதுகு வலிக்கும் என்பதால் குலுங்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். ஸ்வர்ணலதா முந்தானையால் காதைத் துடைத்துத் துடைத்து விட்டாள். இவ்வளவு நாளும் தான் செய்தது உபகாரமா துரோகமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஆணி போட்டா?"

"உட்காரலாம். பிடிச்சுக்கிட்டு நடக்கலாம்னார்."

"எத்தனை காலத்துக்கு?"

"மருந்துக்குக் கேட்டா சில வருஷம். கேக்கலைன்னா அவருக்கே தெரியாதாம்."

சுந்தரவல்லி கூரையைப் பார்த்தாள். தெருவில் பழைய பேப்பர்காரன் கத்திக்கொண்டு போனான்.

"சரி. ஆணியே அடிக்கட்டும்" என்றாள் பிறகு. "ஆனா ஒண்ணு. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உங்க மாமாவுக்குத் தெரியக் கூடாது. சக்திக்கும்தான்."

ஸ்வர்ணலதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுதான் எல்லாம் முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று கேட்டாள். முடியாது அத்தை, என்னால் இனிமேல் முடியாது என்று கெஞ்சினாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுத்தான் அந்த மனுசன் காலையில சட்டை போட்டுக்கிட்டுக் கடைக்குப் போறாரு. தெரிஞ்சுபோச்சுன்னா இந்தக் கட்டிலுக்குப் பக்கத்துலயே உக்காந்துருவாரு. அப்புறம் நீ ரெண்டு பேரைப் புரட்டிப் போடணும்."

அது நூற்றுக்கு நூறு உண்மை என்று ஸ்வர்ணலதாவுக்கே தெரியும்.

ஆசானை உள்ளே கூப்பிட்டுச் சுந்தரவல்லியே விஷயத்தைச் சொன்னாள். அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எலும்புக்குள்ளே இருப்பதற்குத் தன்னிடம் எண்ணெய் இல்லை என்று சொல்லி, ஸ்டூலில் ஏறிக் கயிற்றைக் கழற்றினார். நாடி பிடித்துப் பார்த்து ஆபரேஷன்தான் நல்லது என்று ஆசானே சொல்லிவிட்டார் என்று வீட்டில் சொல்லிக்கொள்ள அவர் சம்மதித்தார். அந்த வீட்டில் பொய் சொல்ல அவர் ஒருவர்தான் பாக்கியிருந்தார், அவரும் சேர்ந்துகொண்டார். சாயங்காலம் செய்தி கேட்ட சுயம்புலிங்கம், தன் மச்சினர் அனுப்பிய ஆள் தங்கமான ஆள் என்று அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆபரேஷன் நடந்தது. கதவுக்கு வெளியே சுயம்புலிங்கம் ஒரு காகிதக் கோப்பையில் டீயை வைத்துக்கொண்டு, அது ஆறி ஆடை கட்டிய பிறகும் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். ஸ்வர்ணலதா சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள்ளும் அவள் விரிப்பை இழுத்துக்கொண்டுதான் இருந்தாள். டாக்டர் மதிவாணன் வெளியே வந்து, நினைத்தபடி முடிந்தது, ரத்தம் அதிகம் போகவில்லை என்றார். முதுகில் இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னப் பிளாஸ்திரிகள்தான். இதற்குள்ளேயா அத்தனை இரும்பு போயிருக்கிறது என்று சக்திவேல் திரும்பத் திரும்பக் கேட்டான்.

மறுநாள் பிசியோதெரபிப் பெண் வந்து, ஒரு பக்கமாகப் புரட்டி, காலைக் கீழே தொங்கவிட்டு, சுந்தரவல்லியை மெல்ல நிமிர்த்தினாள். முகம் ரத்தம் வற்றி வெளுத்தது. தலை சுற்றுகிறது என்றாள். பிறகு கட்டிலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாருடைய தாங்கலும் இல்லாமல், உட்கார்ந்தாள். வார்டைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயா தேவானை துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "இன்னாம்மா, ஜம்முனு உக்காந்துகினு கீறியே" என்றாள். சுந்தரவல்லி ஜன்னலைப் பார்த்தாள். எத்தனை நாளாகவோ கூரையையே பார்த்துக் கிடந்தவளுக்கு எதிரில் ஒரு ஜன்னலும், அதில் ஒரு வேப்ப மரமும் இருந்தது. வலி குறைந்திருக்கிறது என்றாள். குறைந்துதான் இருந்தது.

சுயம்புலிங்கம் வராந்தாவில் நின்று ஒவ்வொருவராகப் போன் போட்டு, டிஸ்க் சரியாகிவிட்டது என்று சொன்னார். ஒவ்வொரு போனுக்கும் நடுவில் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அறைக்குள் வந்து அவள் கையைப் பிடித்தபோது, "ஒரு டிஸ்க்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணிட்டீங்களே" என்று அவள் அலுத்துக்கொண்டாள். அவள் கண்ணில் ஒரு துளி இல்லை. நிறம் தப்பாமல் பொருத்தி எடுத்துக் கொடுத்திருந்தாள். ஸ்வர்ணலதா பார்க்கச் சகிக்காமல் பிளாஸ்க்கைக் கழுவுகிற சாக்கில் வெளியே போனாள்.

வீட்டுக்கு வந்த பிறகு சுந்தரவல்லி மாடிப்படியை ஒவ்வொன்றாக, கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று ஏறினாள். புரட்டுவது நின்றது, பெட்பேன் நின்றது. ஆனால் சமையல், மாத்திரை, வருவோர் போவோர், புண்ணுக்குக் கட்டு என்று மிச்சமெல்லாம் அப்படியே இருந்தது. அதோடு புதிதாக ஒரு வேலை. பகலில் கதவு சாத்தியதும் சுந்தரவல்லி பயப்படுவாள், அழுவாள், கேள்வி கேட்பாள். அழ அவளுக்கு வேறு ஆள் கிடையாது. கதவைத் திறந்ததும், கடையிலிருந்து சாப்பிட வந்த சுயம்புலிங்கம் கூடத்தில் காத்திருப்பார்; அவளுக்கு ஏதாவது சந்தேகம் வந்துவிட்டதா என்று கேட்பார். இல்லை மாமா என்பாள் ஸ்வர்ணலதா. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அவள் நின்றாள். ஒரு பொய்யைத் தாங்கவே தெம்பில்லை என்று நினைத்தவளின் தலையில் இப்போது இரண்டு.

கதிர்வீச்சுக்கு நாள் வந்தது. மத்தியானம் சாப்பிட வந்த சுயம்புலிங்கம் ஸ்வர்ணலதாவைத் தனியாகக் கூப்பிட்டு, தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமே, அவளுக்கு என்ன காரணம் சொல்வது என்று தவித்தார். தானே யோசித்து ஒன்றும் வைத்திருந்தார். "ஆணி போட்ட இடம் இறுகறதுக்கு லைட் வைக்காங்கன்னு சொல்லும்மா. நீதான் பக்குவமாச் சொல்லணும். நீ சொன்னா நம்புவா."

ஸ்வர்ணலதா உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். சுந்தரவல்லி கட்டிலில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொல்லச் சொன்னாரு?"

"ஆணி போட்ட இடம் இறுகறதுக்கு லைட் வைக்கறாங்களாம்."

சுந்தரவல்லிக்குச் சிரிப்பு வந்தது. ஆணி அசையக் கூடாது என்று விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாவம், ராத்திரி முழுக்க யோசிச்சிருப்பாரு. நம்பிட்டேன்னு சொல்லிரு."

சொல்லிவிட்டு மருமகளைப் பார்த்தாள். பால்கனிக் கதவு வழியாக மத்தியான வெயில் நேராக ஸ்வர்ணலதாவின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. சுந்தரவல்லி அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினாள். நெடுநேரம் பார்த்தாள்.

"நீ எப்பட்டி தூங்கின?"

ஸ்வர்ணலதாவுக்கு ஞாபகம் வரவில்லை. மாவு அரைக்கவேண்டும், மாமாவுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கவேண்டும் என்று சொன்னாள்.

"இங்க படு" என்றாள் சுந்தரவல்லி, கட்டிலைத் தட்டி. "நான் உக்காந்துக்கிடுதேன். அதுக்குத்தானே இத்தனை ஆணி அடிச்சது."

மறுக்கத் தெம்பில்லாமல் ஸ்வர்ணலதா படுத்தாள். மாமியாரின் உடம்புக்கு அமுங்கிக் குழியாகியிருந்த மெத்தை அவளுக்கு அளவில்லாமல் பெரிதாக இருந்தது. கண்ணீர் வந்தது, துடைக்கவும் கை வரவில்லை. சுந்தரவல்லி நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையை மருமகளின் முதுகில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு மெல்லத் தட்டப்பட்டது. "லதா," என்றார் சுயம்புலிங்கம் வெளியிலிருந்து, "சோறு எடுத்து வைக்கியாம்மா?"

"அவ எனக்கு முதுகுக்கு மருந்து போட்டுக்கிட்டிருக்கா" என்றாள் சுந்தரவல்லி. "நீங்களே போட்டுச் சாப்பிடுங்க."

அரைத்தூக்கத்தில் அது ஸ்வர்ணலதாவின் காதில் விழுந்தது. இந்த வீட்டில் தனக்காக ஒருவர் பொய் சொல்வது இதுதான் முதல் தடவை என்று நினைத்தாள். அதை முழுதாக நினைத்து முடிப்பதற்குள் தூங்கிப்போனாள்.